புகைப்படங்களைக் கழற்றினால் வீட்டின் விலை ஏறுமா?

மேரிலாந்து மாநிலத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதமும், தங்கள் வீட்டின் மதிப்பீட்டு அறிக்கைப் பிரதி ஒன்றும் அனுப்பியிருக்கிறார். பூர்வீகம் காரைக்குடிப் பக்கம். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கணவர் கறுப்பின அமெரிக்கர், பள்ளி ஆசிரியர். பதினொரு வயதில் ஒரு மகன். 2023-இல் 4,55,000 டாலருக்கு வீடு வாங்கினார்கள். பத்து சதவீதம்தான் கையிலிருந்து போட முடிந்தது. அதனால் தவணையோடு கடன் காப்பீட்டுக்கும் மாதாமாதம் தனியாகக் கட்டிவருகிறார்கள். பிறகு பேஸ்மென்ட்டை, அதாவது தரைக்குக் கீழே உள்ள தளத்தை, அறைகளாக முடித்து, குளியலறை வைத்து, சமையலறையையும் புதுப்பித்தார்கள். அதற்கு 48,000 டாலர் ஆனது. இப்போது குறைந்த வட்டிக்கு ரீஃபைனான்ஸ் செய்து, அதாவது புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைத்து, கடன் காப்பீட்டையும் ஒழித்துவிடலாம் என்று விண்ணப்பித்தார்கள். கடன் நிறுவனம் அனுப்பிய மதிப்பீட்டாளர் வீட்டின் மதிப்பு 4,30,000 டாலர் என்று எழுதிவிட்டார். வாங்கிய விலையைவிடக் குறைவு. அதே தெருவில், அதே கட்டுமான நிறுவனம் கட்டிய அதே மாதிரி வீடு, பேஸ்மென்ட் வேலை எதுவும் செய்யாதது, மூன்று மாதம் முன்பு 5,20,000 டாலருக்கு விற்றிருக்கிறது.

மதிப்பீட்டாளர் வந்தபோது கணவரும் மகனும் மட்டும் வீட்டில் இருந்தார்கள். இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டார். “நீங்கள் இங்கே வாடகைக்கு இருக்கிறீர்களா?” என்று கணவரிடம் கேட்டிருக்கிறார். பேஸ்மென்ட்டுக்குள் இறங்காமல் படியில் நின்றபடியே எட்டிப் பார்த்திருக்கிறார். இதெல்லாம் வரவேற்பறைக் கேமராவில் ஒலியோடு பதிவாகியிருக்கிறது. கடன் நிறுவன அதிகாரியோ, “மதிப்பீட்டாளர் போட்டதுதான் முடிவு, எங்கள் கையில் ஒன்றும் இல்லை” என்றாராம்.

“என் கணவர் கோபப்படவே இல்லை, ஐயா. அறிக்கையை இரண்டாக மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, மகனுக்குக் கணக்குச் சொல்லித்தரப் போய்விட்டார். எனக்குத்தான் இரவு தூக்கம் வரவில்லை” என்று எழுதியிருக்கிறார். குடும்பப் புகைப்படங்களைக் கழற்றிவிட்டு, அலுவலகத்து வெள்ளையினத் தோழியை வீட்டுக்காரியாக நிற்கவைத்து வேறொரு மதிப்பீடு வாங்கலாமா? ஒலிப்பதிவை வெளியிடலாமா? கிரீன் கார்டில் இருக்கும் தான் புகார் கொடுத்தால் குடியுரிமை விண்ணப்பத்துக்கு ஆபத்தா? இவை அவருடைய கேள்விகள். கூடவே, நியூ ஜெர்சியில் இருக்கும் மாமா ஒருவர், “அவர்களும் இருக்கிற ஏரியாவில் வாங்கினால் விலை ஏறாது, அது சந்தை நிலவரம். நாம் இந்தியர்கள், நமக்கு எதற்கு இந்த வம்பு?” என்று சொன்னதையும் குறிப்பிட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அறிக்கையை அதைவிட அதிகமாகவே படித்தேன். அந்த எண் உங்களுக்கு என்ன செய்கிறது என்பதை முதலில் கணக்காகப் பார்த்துவிடுவோம். உங்கள் மீதிக் கடன் 4,02,000 டாலர். வீட்டின் மதிப்பு 4,30,000 என்றால் கடன் அதில் 93 சதவீதத்துக்கும் மேல். மதிப்பு 5,25,000 என்று வந்திருந்தால் கடன் 77 சதவீதத்துக்குள் அடங்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 80 சதவீதம்தான் கடன் காப்பீடு தேவையற்றுப் போகும் எல்லை. இருபது நிமிடம் வந்து போன ஒருவர் உங்களை அந்த எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டார். நீங்கள் தூக்கம் இழந்ததில் எந்த மிகையும் இல்லை.

இது பாகுபாடுதானா?

சந்தேகிக்க வலுவான காரணம் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதம் அழுத்திச் சொல்லும் காரணங்கள் ஒரு பக்கம், எனக்கு வலுவாகத் தெரியும் காரணங்கள் இன்னொரு பக்கம் இருக்கின்றன. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பேஸ்மென்ட்டின் 800 சதுர அடியை வீட்டின் பரப்பில் சேர்க்காமல் விட்டுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு அல்ல. தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் பரப்பு எவ்வளவு நன்றாக முடிக்கப்பட்டிருந்தாலும் வசிப்புப் பரப்பில் சேராது. அதைத் தனி வரியில் காட்டி, தனியாகத்தான் மதிப்பிடுவார்கள். அதேபோல் 48,000 டாலர் செலவழித்தால் மதிப்பும் 48,000 ஏற வேண்டும் என்ற விதியும் கிடையாது. சமையலறைக்குப் போட்ட பணத்தில் ஒரு பங்குதான் பெரும்பாலும் விலையில் திரும்பி வரும். இந்த இரண்டையும் முன்வைத்து நீங்கள் எழுதினால், எதிர்த் தரப்பு அவற்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதை மூடிவிடும்.

எண் குறைவாக வந்தது என்பதும் தனியாக நிரூபணம் ஆகாது. நேர்மையான இரண்டு மதிப்பீட்டாளர்கள் ஒரே வீட்டுக்கு வேறு வேறு எண் எழுதலாம். சிகாகோவில் உள்ள ஏழாவது வட்டார மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998-இல் ஒரு கறுப்பினப் பெண்ணின் வழக்கில் ஏறத்தாழ இதைத்தான் சொன்னது: குறைந்த மதிப்பீடு தவறாகவே இருந்தாலும், அந்தத் தவறு இனத்தால் வந்தது என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டும். அதே நீதிமன்றம் 2010-இல் வந்த வேறொரு வழக்கில், 1,70,000 டாலர் என்று மதிப்பிடப்பட்ட வீட்டுக்கு இன்னொருவர் 2,40,000 போட்டிருந்த நிலையில், வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்தது தவறு என்று தீர்ப்பளித்தது. அதாவது, வழக்கு தொடுக்க ஒரு வாசல் இருக்கிறது. உள்ளே போய் வெல்ல, எண்ணைத் தவிர வேறு ஆதாரம் கையில் வேண்டும்.

அந்த ஆதாரத்தின் தொடக்கம் நீங்கள் அனுப்பிய அறிக்கையிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒப்பீட்டு வீடுகளின், அதாவது உங்கள் வீட்டின் மதிப்பைக் கணிக்க ஒப்பிட்டுப் பார்த்த, ஏற்கனவே விற்ற வீடுகளின் வரைபடப் பக்கத்தை மட்டும் பெரிதாக அச்செடுத்து மேசையில் விரித்துப் பார்த்தேன். உங்கள் வீட்டுக்கு ஒரு புள்ளி, ஒப்பிடப்பட்ட வீடுகளுக்கு மூன்று புள்ளிகள். மூன்றும் நெடுஞ்சாலைக்குத் தெற்கே இருக்கின்றன. மிக அருகில் இருப்பதே ஒன்றரை மைல் தொலைவு. சாலைக்குத் தெற்கே பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள், எங்கள் தெருவில் எல்லோரும் கலந்து இருக்கிறோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தெருவிலேயே கடந்த ஆறு மாதத்தில் இரண்டு வீடுகள், அதே மாதிரி வீடுகள், 5,20,000-க்கும் 5,08,000-க்கும் விற்றிருக்கின்றன. பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டுச் சாலையைத் தாண்டிப் போய் ஒப்பிட ஒரு மதிப்பீட்டாளருக்குக் காரணம் இருக்கலாம். இருந்தால் அதை அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும். ஒரு வரிகூட இல்லை.

அடுத்தது, வீட்டின் நிலை. இதற்கு சி1 முதல் சி6 வரை ஒரு தரவரிசை உண்டு. நீங்கள் வாங்கியபோது, விற்றவர்களான வெள்ளையினத் தம்பதி குடியிருந்த நேரத்தில் நடந்த 2023 மதிப்பீட்டில் வீடு சி3. அதன் பிறகு நீங்கள் அதைப் புதுப்பித்திருக்கிறீர்கள். இப்போது சி4 என்று இறங்கியிருக்கிறது. முடிக்கப்பட்ட பேஸ்மென்ட் ‘முடிக்கப்படாதது’ என்று பதிவாகியிருக்கிறது. ‘வாடகைக்கு இருக்கிறீர்களா’ என்ற கேள்வியைத் தனியாக எடுத்தால் அது வெறும் அவமரியாதை, நீதிமன்றத்தில் எடை குறைவு. இந்த மூன்றோடு சேர்த்து வைத்தால் அதற்கும் எடை வருகிறது.

அறிக்கையின் முதல் பக்கத்தில், சுற்றுவட்டாரம் பற்றிய பகுதியைப் பாருங்கள். குடியிருப்பின் இனமோ இனச் சேர்க்கையோ மதிப்பீட்டுக்குரிய காரணி அல்ல என்று ஒரு வரி அச்சிட்டிருக்கும். படிவத்தோடு வரும் வரிதான். அந்த வரியை அச்சிட வேண்டிய தேவை ஏன் வந்தது என்பதில்தான் உங்கள் மாமாவுக்கான பதில் இருக்கிறது.

“அது சந்தை நிலவரம்” என்ற வாதம்

உங்கள் மாமா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம்மவர்களில் பலர் இதை நம்புகிறார்கள். வீடு பார்க்கும்போது பள்ளியின் மதிப்பெண்ணைப் பார்ப்பதுபோல் அக்கம்பக்கத்தின் நிறத்தையும் பார்க்கச் சொல்லி, புதிதாக வந்தவர்களுக்கு அறிவுரையும் தருகிறார்கள். ஆனால் அந்தச் ‘சந்தை’ தானாக முளைத்தது அல்ல. உங்கள் மாநிலத்திலேயே, 1910-இல் பால்டிமோர் மாநகராட்சி எந்தத் தெருவில் கறுப்பர் குடியிருக்கலாம், எதில் வெள்ளையர் குடியிருக்கலாம் என்று சட்டமே போட்டது. நாட்டில் அப்படி ஒரு சட்டம் போட்ட முதல் நகரம் அதுதான். உச்ச நீதிமன்றம் 1917-இல் இத்தகைய சட்டங்கள் செல்லாது என்றது. 1930-களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்து, கறுப்பர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசியது. சிவப்பு என்றால் கடனுக்கு ஆபத்தான பகுதி. இனம் மாறினால் வீட்டு மதிப்பு இறங்கும் என்பது மதிப்பீட்டாளர்களுக்குப் பாடமாகவே கற்பிக்கப்பட்டது. 1976-இல் மத்திய நீதித் துறை மதிப்பீட்டாளர் அமைப்புகள் மீது வழக்குத் தொடுத்து, மறு ஆண்டு உடன்பாடு ஏற்பட்ட பிறகுதான் முதன்மையான அமைப்பு அதைக் கைவிட ஒப்புக்கொண்டது.

சந்தை என்றால், வாங்குபவர் கொடுக்கச் சம்மதிக்கும் விலைதானே? கடன் நிறுவனங்களிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் பெரிய நிறுவனமான ஃப்ரெடி மேக், 2015 முதல் 2020 வரையிலான 1.2 கோடிக்கும் மேற்பட்ட மதிப்பீடுகளை ஆராய்ந்து 2021-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வாங்குபவரும் விற்பவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்ட விலையைவிட மதிப்பீடு குறைவாக வந்தது, வெள்ளையர் பகுதிகளில் 7.4 சதவீத வீடுகளுக்கு. கறுப்பர் பகுதிகளில் 12.5 சதவீதம், லத்தீன் அமெரிக்கர் பகுதிகளில் 15.4 சதவீதம். இங்கே சந்தை ஒரு விலை சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் மதிப்பீட்டாளர் குறைத்திருக்கிறார்.

ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. அதேபோன்ற இன்னொரு பெரிய நிறுவனமான ஃபேனி மே 2022-இல் ரீஃபைனான்ஸ் மதிப்பீடுகளை ஆராய்ந்தபோது, கறுப்பினக் கடனாளிகளுக்குச் சராசரியாக வந்த குறைவு சிறியதாகவே இருந்தது. ஆனால் கறுப்பர் பெரும்பான்மைப் பகுதிகளில் வெள்ளையர் சொந்தமாக வைத்திருந்த வீடுகளுக்குத்தான் மதிப்பு கூடுதலாகப் போடுவது அதிகம் நடந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. ஏரியாதான் காரணம் என்று முடிந்திருந்தால், கதவைத் திறப்பவர் யார் என்பதைப் பொறுத்து எண் ஏன் மாற வேண்டும்?

“நாம் இந்தியர்கள்” என்பதற்கும் இரண்டு பதில்கள். அந்தக் காலத்து வீட்டுப் பத்திரங்களில், வெள்ளையர் அல்லாத யாருக்கும் விற்கக்கூடாது என்ற நிபந்தனை எழுதப்பட்டிருக்கும். அதில் நாமும் அடக்கம். இந்தியர்கள் சட்டத்தின் பார்வையில் வெள்ளையர் அல்ல, குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தப் பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று 1948-இல் தீர்ப்பு வாங்கித் தந்தவர்கள், செயின்ட் லூயிஸ் நகரத்தில் வீடு வாங்கிய ஒரு கறுப்பினக் குடும்பமும் அவர்களைப் போன்ற மற்ற குடும்பங்களும். இரண்டாவது, இன்றைய சட்டம். 1968-ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் வீட்டு மதிப்பீட்டில் பாகுபாடு காட்டுவதைப் பெயர் சொல்லியே தடைசெய்கிறது. 1974-ஆம் ஆண்டின் சமவாய்ப்புக் கடன் சட்டம் கடன் கொடுப்பவரைக் கட்டுப்படுத்துகிறது. இனம், நிறம், பூர்வீக நாடு மூன்றும் இவற்றில் உண்டு. விண்ணப்பித்தவரின் இனம் மட்டுமில்லாமல், அவரோடு சேர்ந்து வாழ்பவரின் இனத்தை வைத்து அவரை வேறாக நடத்துவதும் கடன் சட்டத்தின்படி குற்றச்சாட்டுக்கு உரியது. கணவருக்கு ஒரு வழக்கு, உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள்.

முதலில் செய்ய வேண்டியது

கடன் அதிகாரி “எங்கள் கையில் ஒன்றும் இல்லை” என்றது சரியல்ல. மதிப்பீட்டாளரைக் குறிப்பிட்ட எண்ணைப் போடச் சொல்லி நெருக்கக் கூடாது என்று மத்திய விதி இருப்பது உண்மை. அதே விதி மூன்று விஷயங்களை அனுமதிக்கிறது: கூடுதல் ஒப்பீட்டு வீடுகளைப் பரிசீலிக்கச் சொல்லலாம், எப்படி அந்த எண்ணுக்கு வந்தார் என்று விளக்கம் கேட்கலாம், பிழைகளைத் திருத்தச் சொல்லலாம். இதற்குப் பெயர் மதிப்பீட்டு மறுபரிசீலனை. ஃபேனி மேயும் ஃப்ரெடி மேக்கும் தாங்கள் வாங்கும் கடன்களுக்கு, 2024 ஆகஸ்டு முதல் இதற்கென்று எழுத்துபூர்வமான நடைமுறை இருக்க வேண்டும் என்று கடன் நிறுவனங்களுக்கு விதித்தன. அந்த விதிகளின்படி கடனாளி ஒரு மதிப்பீட்டுக்கு ஒரே ஒரு முறைதான் மறுபரிசீலனை கேட்க முடியும். அதிகபட்சம் ஐந்து ஒப்பீட்டு வீடுகளைக் கொடுக்கலாம். புதிய கடன் கையெழுத்தாகி முடிவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஒரே முறை என்பதால் அவசரமாக எழுதிக் கெடுத்துவிடாதீர்கள்.

மனுவை இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். பேஸ்மென்ட் பற்றிய பிழை முதலில் வரட்டும். அனுமதிப் பத்திரம், முடிவு ஆய்வுச் சான்று, புகைப்படங்கள், செலவு ரசீதுகளைச் சேர்த்து, சதுர அடியைப் பற்றி வாதாடாமல், ‘முடிக்கப்படாதது’ என்ற சொல் தவறு என்பதை மட்டும் காட்டுங்கள். அடுத்து, உங்கள் தெருவில் விற்ற இரண்டு வீடுகளை முகவரி, விற்பனைத் தேதி, விலை, பரப்பு, உங்கள் வீட்டிலிருந்து தூரம் ஆகியவற்றோடு கொடுங்கள். மதிப்பீட்டுத் தேதிக்கு முன்பே கைமாறியவையாக இருக்க வேண்டும். விற்பனை விலைகளை மாநில வரி மதிப்பீட்டுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். மூன்று ஒப்பீட்டு வீடுகளும் சாலைக்குத் தெற்கே ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டன என்று விளக்கம் கேளுங்கள். கடைசியாக, சி3 எப்படி சி4 ஆனது என்ற கேள்வி. ‘5,25,000 என்று மாற்றுங்கள்’ என்று எந்த எண்ணையும் எழுதாதீர்கள்.

பாகுபாடு என்ற சொல்லை மனுவில் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதுங்கள், தனிப் பத்தியாக, நிதானமான மொழியில்: “இந்த மதிப்பீட்டில் இனப் பாகுபாடு இருக்கலாம் என்று அஞ்சுகிறோம். அதையும் விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.” கடன் நிறுவனத்துக்கு அது தெரியவந்தது என்பதற்கு எழுத்துச் சான்று வேண்டும். பாகுபாடு கலந்த அறிக்கை என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், அதை நம்பிக் கடனை முடிவு செய்தால் அந்த நிறுவனமும் பொறுப்பாளியாகும் நிலை வரும்.

தோழியை நிற்கவைப்பது

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. 2020-இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் கறுப்பின மனைவியும் வெள்ளையினக் கணவரும் வாழும் ஒரு வீட்டுக்கு 3,30,000 டாலர் மதிப்பு வந்தது. குடும்பப் படங்களை எடுத்துவிட்டு, அடுத்த முறை கணவரை மட்டும் கதவைத் திறக்கவைத்தபோது 4,65,000. கலிஃபோர்னியாவின் மரின் சிட்டியில் 9,95,000 என்று வந்த வீடு, வெள்ளையினத் தோழி நின்றபோது ஏறக்குறைய 14.8 லட்சம் ஆனது. உங்களுக்குப் பக்கத்தில், பால்டிமோரில் கறுப்பினப் பேராசிரியர் தம்பதியின் வீடு 2021-இல் 4,72,000 என்று மதிப்பிடப்பட்டு, சில மாதம் கழித்து 7,50,000-க்குப் போனது. கலிஃபோர்னியா வழக்கு 2023-இல் சமரசத்தில் முடிந்தது. பால்டிமோர் வழக்கில் கடன் நிறுவனம் 2024-இல் சமரசத்துக்கு வந்து, தன் நடைமுறைகளை மாற்றிக்கொள்ளவும் ஒப்புக்கொண்டது. ஆனால் அதே வழக்கில், தன் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று மதிப்பீட்டாளர் அந்தத் தம்பதி மீதே அவதூறு எதிர்வழக்குத் தொடுத்தார் என்பதை உங்கள் நண்பர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தோழி வீட்டில் இருப்பது சட்டவிரோதம் அல்ல. அவர் தன்னை வீட்டுச் சொந்தக்காரி என்று வாய்விட்டுச் சொல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்தத் தாளிலாவது அப்படிக் கையெழுத்திட்டால், கடன் விண்ணப்பத்தில் பொய்த் தகவல் என்ற கடுமையான மத்தியக் குற்றத்துக்கு அருகில் இருவரும் போய்விடுவீர்கள். ஆதாரத்துக்காக இதைச் செய்வதாக இருந்தால், வீட்டு விஷயத்தில் பாகுபாட்டை எதிர்க்கும் நியாய வீட்டுவசதி அமைப்பு ஒன்றின் வழிகாட்டுதலோடு, வீட்டில் மற்ற எதையும் மாற்றாமல், சில வாரங்களுக்குள் செய்ய வேண்டும். பிறகு பெயின்ட் அடித்தோம், தோட்டத்தைச் சீர்செய்தோம் என்றால் அந்த இரண்டாவது எண்ணுக்கு மதிப்பே இருக்காது.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், படங்களை ஏற்கனவே கழற்றிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கணவர் பட்டு வேட்டியில் நிற்கும் கல்யாணப் படம், மாமியாரின் தேவாலயப் படம், இரண்டும் அலமாரிக்கு மேலே துணியில் சுற்றிக் கிடக்கின்றன. சுவரில் இரண்டு ஆணிகளும் வெயில் படாத இரண்டு சதுரங்களும் மட்டும். “ஏன் அப்பா வீட்டுப் படங்களை மட்டும்?” என்று மகன் கேட்டதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை என்கிறீர்கள். மதிப்பீட்டாளர் வரும் நாளில் படங்களைக் கழற்றுவதைச் சட்டம் தடுக்கவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. நான் பார்த்த குடும்பங்களில் சிலர் கழற்றினார்கள், பணம் தேவைப்பட்டது, அவர்களை ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முடிவைக் கணவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். அவர் அமைதியாக இருக்கிறார் என்று நீங்கள் எழுதியதை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். அறிக்கையை அவர் கிழித்துப் போடவில்லை. மடித்து, பத்திரமாக இழுப்பறையில் வைத்திருக்கிறார். இந்த வீட்டில் இதை முன்பே வாழ்ந்து பார்த்தவர் அவர்தான். மகனுக்கான பதிலும் அவரிடம் இருக்கக்கூடும்.

அந்த ஒலிப்பதிவு

இதில் தயவுசெய்து நான் சொல்வதைக் கேளுங்கள். மேரிலாந்தில், தனிப்பட்ட உரையாடலில் பங்கேற்கும் அனைவரின் சம்மதமும் இல்லாமல் அதன் ஒலியைப் பதிவுசெய்வது குற்றம். அதை வெளியிடுவது தனிக் குற்றம். ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக் கேமராவில் தற்செயலாகப் பதிவானதற்கு இந்தச் சட்டம் எந்த அளவு பொருந்தும் என்று வாதாட இடம் இருக்கிறது. அந்த வாதத்தை ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு நடத்தக்கூடாது. வெளியிடாதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், அழிக்கவும் அழிக்காதீர்கள். பின்னாளில் வழக்கு வந்தால் ஆதாரத்தை அழித்ததாக ஆகிவிடும். பதிவு தானாக அழிந்துவிடும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிட்டு, வழக்கறிஞரிடம் மட்டும் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக, நடந்ததைக் கணவர் தன் கையால், தேதி நேரத்தோடு இன்றே எழுதி வைக்கட்டும். நேரில் கேட்டவரின் சாட்சியத்துக்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை.

புகார், கால வரம்பு, குடியுரிமை

மத்திய வீட்டுவசதித் துறையிடமோ மேரிலாந்து குடிமை உரிமைகள் ஆணையத்திடமோ சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. நியாய வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்குப் போக இரண்டு வருடம், கடன் சட்டத்தின் கீழ் ஐந்து வருடம். மதிப்பீட்டாளரின் உரிமத்தைக் கவனிக்கும் மாநில ஆணையத்திடம் தனியாகவும் முறையிடலாம். அவர் தன் வேலைக் கோப்பை ஐந்து ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும். படியில் நின்று பார்த்ததை எப்படிக் குறித்திருக்கிறார் என்பது அதில் இருக்கும். மத்தியத் துறையின் வேகம் ஆட்சிக்கு ஆட்சி மாறுகிறது. சட்டப் பிரிவுகள் அப்படியே இருக்கின்றன. அதனால் மாநில ஆணையத்தின் கதவையும் சேர்த்தே தட்டச் சொல்வேன்.

புகார் கொடுப்பதால் உங்கள் குடியுரிமை விண்ணப்பம் கெடாது. அந்தப் படிவம் கைது, குற்றம், வரி பற்றிக் கேட்கிறது. சிவில் புகார் கொடுத்தவர் என்பது குறையாக எண்ணப்படும் விஷயம் அல்ல. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவதும் சட்டப்படி தடை. உண்மையில் உங்கள் விண்ணப்பத்துக்குச் சிக்கல் வரக்கூடியது இரண்டில்தான்: அந்த ஒலிப்பதிவை வெளியிடுவது, கடன் தாள்களில் பொய் சொல்வது.

மதிப்பு குறைந்ததால் சொத்து வரியாவது குறையுமே என்று ஓரிடத்தில் ஆறுதல் தேடியிருக்கிறீர்கள். குறையாது. வரிக்கான மதிப்பை மாநிலத் துறை மூன்று வருடத்துக்கு ஒருமுறை தனியாகப் போடுகிறது. கடன் நிறுவனத்தின் அறிக்கை அங்கே தானாகப் போய்ச் சேராது.

இந்த நிறுவனத்தை விட்டுவிட்டு வேறொன்றில் புதிதாக விண்ணப்பிக்கும் வழியும் இருக்கிறது. சில நூறு டாலர் மீண்டும் செலவாகும். புதிய மதிப்பீட்டாளர் வருவார். கடன் கிடைத்துவிட்டால் பலர் புகாரை மறந்துவிடுகிறார்கள். அது உங்கள் குடும்பத்தின் முடிவு. சட்டம் இரண்டையும் ஒன்றாகச் செய்ய அனுமதிக்கிறது. நல்ல எண் கிடைத்தால், முதல் எண்ணுக்கு எதிரான ஆதாரமாகவும் அது பயன்படும்.

உங்களுக்கு உறுதி செய்யப்பட்ட வட்டி விகிதம் இன்னும் பன்னிரண்டு நாளில் காலாவதியாகிறது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனவே இந்த வாரமே செய்ய வேண்டியவை: மறுபரிசீலனைக்கான நடைமுறையை எழுத்தில் தரும்படி கடன் அதிகாரிக்கு மின்னஞ்சல். அதே மின்னஞ்சலில், மறுபரிசீலனை முடியும்வரை வட்டி விகிதத்தைக் கட்டணமின்றி நீட்டித்துத் தரும்படி ஒரு கோரிக்கை. 2023 மதிப்பீட்டு அறிக்கையைத் தேடி எடுத்து வையுங்கள். மனுவை அனுப்புவதற்கு முன் மேரிலாந்தில் உரிமம் பெற்ற ஒரு வழக்கறிஞரிடமோ, உங்கள் பகுதியின் நியாய வீட்டுவசதி அமைப்பிடமோ காட்டிவிடுங்கள். நான் படித்தது ஒரு கடிதத்தையும் ஓர் அறிக்கையையும் மட்டும்தான். அவர்கள் உங்கள் கணவரிடம் நேரில் பேசுவார்கள். அவர்களைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள், இழுப்பறையில் இருக்கும் அந்தப் பிரதியை அவரே எடுத்து வரட்டும்.